வலது பக்கக் கம்பி வளைந்த ஆட்டோ

போன வாரம் என் கல்யாணப் பந்தல் காற்றில் சரிந்த கதையைப் படித்த ஒரு வாசகி, "இதைவிட ஊரே வேடிக்கை பார்த்த நாள் உங்கள் வாழ்க்கையில் உண்டா?" என்று கேட்டிருந்தார். உண்டு. அது அப்படியொன்றும் பழைய கதை இல்லை. போன வருஷம் நடந்தது.

இடம், மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலையில் மைக்கேலின் டிங்கரிங் பட்டறை. நேரம், பட்டப்பகல். அறுபதை எட்டிப் பார்க்கிற நான், ஒரு பழைய ஆட்டோவின் பின் சீட்டிலிருந்து வலது பக்கமாக இடுப்பு வரை வெளியே தொங்கிக்கொண்டிருந்தேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தேன். இடது கை கூரைக் கம்பியைப் பிடித்திருந்தது. வலது கால் அந்தரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

என் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கீய எறக்கு... ஆங், நில்லு, நில்லு" என்றான் என் அண்ணன் சேகர்.

மைக்கேல் சாக்பீஸோடு பக்கத்தில் குனிந்து நின்றான். பஸ்ஸுக்காக நின்ற ஜனம் பஸ்ஸை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. கூடையோடு போன மீன்கார அம்மா ஒருவர், "இன்னாக்கா, உள்ள மாட்டிகினியா?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர் எதிர் டீக்கடையில் நின்று, என்னை முன்பின் அறியாதவர் போல முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்தார்.

எனக்குத் துளியும் வெட்கமில்லை. சந்தோஷமாக இருந்தது. அண்ணன் பல மாதங்களுக்குப் பிறகு ஒருவரை அதட்டிக்கொண்டிருந்தான்.

எட்டணா அளவு

அண்ணன் வாழ்நாள் முழுக்க ஆட்டோ ஓட்டியவன். நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் சேர்ந்து, பேச்சை மாற்றிக்கொண்டு, பெருங்களத்தூரில் பால்கனி வைத்த வீட்டுக்குக் குடிபோன பிறகும் அவன் இரும்புலியூரை விட்டு நகரவில்லை.

சில வருஷங்களாக அவன் கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. வலி கிலி எதுவும் இல்லாததால் அவனும் கண்டுகொள்ளவில்லை. பார்வை ஓரத்திலிருந்து கரைந்துகொண்டே வந்திருக்கிறது. ஒருநாள் பக்கவாட்டில் வந்த சைக்கிள்காரரைத் தட்டிவிட்டான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இவன்தான் சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அதன் பிறகு வாசல் பக்கமே வரவில்லை, யாரோடும் அதிகம் பேசவுமில்லை.

"எவ்ளோ தெரியுதுண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நடுவுல ஒரு எட்டணா சைஸுக்குத் தெரியுது. குயாய் வழியா பாக்குற மாதிரி கீது. சுத்தி ஒண்ணும் இல்ல" என்றான்.

போனது திரும்ப வராது, இருப்பதை முடிந்தவரை காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அவர் குரலிலேயே பதில் இருந்தது. எட்டணா நாலணாவாகி, நாலணாவும் ஒருநாள் மூடிக்கொள்ளும்.

அதற்குள் அவனுடைய பழைய வண்டியில் அவனை ஒருமுறை உட்கார வைக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்தது. நான் பிடித்த பிடிவாதங்களைப் பற்றி என் வீட்டுக்காரர் தனியாகத் தொடர் எழுதலாம்.

பொங்கல் வடைக்கு ஒரு பந்தயம்

அது என்ன வண்டி என்று சொல்ல வேண்டும்.

நான் காலேஜில் படித்த காலம். ஜி.எஸ்.டி. ரோடு இத்தனை அகலம் இல்லை. இரண்டு பக்கமும் புளியமரங்கள் கை கோத்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தாம்பரம் ஆட்டோக்காரர்கள் சிலர் பந்தயம் விடுவார்கள். வண்டலூர் வரை போய், ரோட்டு நடுவில் வைத்திருக்கும் தார் டிரம்மை வலது பக்கமாகச் சுற்றி, திரும்பி வர வேண்டும். தோற்றவன் எல்லோருக்கும் பொங்கல் வடை வாங்கித் தர வேண்டும். போலீசுக்குத் தெரியாது என்று இவர்களாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனின் வண்டி முன்பக்கம் என்ஜின் வைத்த பழைய மாடல். டிரைவர் காலடியிலேயே என்ஜின் உறுமும். நகரத்துக்கு வடக்கே பழைய விமான ஓடுதளத்தில் பைக் ரேஸ் நடக்கும் நாட்களில் அண்ணன் அங்கே போய், ரேஸ்காரர்கள் கழித்துப்போட்ட சாமான்களைக் கெஞ்சி வாங்கி வருவான். அப்படி வந்ததுதான் நடுவில் பானை மாதிரி வயிறு வைத்த சைலன்சர். அப்படி வந்ததுதான் வெளிநாட்டுக் கார்புரேட்டரும் ரேஸ் பிஸ்டனும். மற்ற ஆட்டோக்கள் மூக்கடைத்த மாதிரி ஓடும்போது இது மட்டும் வாய்விட்டுக் கத்தும்.

ஆனால் பந்தயத்தில் ஜெயிப்பது என்ஜினால் மட்டும் இல்லை. மூன்று சக்கர வண்டி வேகமாகத் திரும்பினால் கவிழ்ந்துவிடும். அதனால் பின் சீட்டில் ஓர் ஆள் வேண்டும். டிரம் வரும்போது அந்த ஆள் வலது பக்கமாக வெளியே தொங்கி, தன் பாரத்தால் வண்டியைக் கீழே அமுக்க வேண்டும். 'சாயற ஆள்' என்று பெயர். அண்ணனுக்குச் சாயற ஆள் அவன் சிநேகிதன் நாகராஜ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகராஜுக்கு அம்மை போட்டுவிட்டது. அண்ணன் வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். நான் பல் விளக்கிக்கொண்டே, "நான் வரட்டா?" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"பயந்துகினு நடுவுல கத்தக்கூடாது."

"கத்தமாட்டேன்."

"யோசிக்கவும் கூடாது. நான் திருப்புனா நீ சாயணும். அவ்ளோதான்."

அவனுடைய பேன்ட் சட்டையைப் போட்டுக்கொண்டு, பின்னலைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு போனேன். பனி மூட்டத்தில் புளியமரங்கள் ஒவ்வொன்றாக முளைத்து முளைத்துக் காணாமல் போயின. பெட்ரோலும் ஆயிலும் கலந்து எரியும் வாசனை. டிரம் வந்தது. அண்ணன் தோள் லேசாக அசைந்தது. நான் சாய்ந்தேன். என் முகத்துக்கு ஒரு சாண் கீழே தார் ரோடு ஆறு மாதிரி ஓடியது. அன்றைக்கு நாங்கள் சாப்பிட்ட பொங்கலில் முந்திரி எக்கச்சக்கமாக இருந்தது. யாரோ ஜெயித்துக் கொடுத்த பொங்கல் அல்ல, நான் சாய்ந்து சம்பாதித்த பொங்கல்.

ஆனால் ஒரு சிக்கல். பின் சீட்டின் வலது பக்கம் ஆள் இறங்காமல் இருக்க முழங்கால் உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி உண்டு. சாயற ஆள் அதன்மேல்தான் காலை ஊன்ற வேண்டும். நாகராஜ் ஒட்டகச்சிவிங்கி உயரம், அவனுக்குச் சுலபம். என் கால் வழுக்கியது. அடுத்த வாரமே அண்ணன் அந்தக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, என் பாதம் பதிகிற மாதிரி வெளிப்பக்கமாகக் கீழே வளைத்துவிட்டான். அம்மை இறங்கி வந்த நாகராஜ் அதைப் பார்த்துவிட்டு, "அப்போ எனக்கு வேல போச்சா மச்சான்?" என்று கேட்டான். போயிருந்தது.

அந்த மழைக்காலம் வரைக்கும் நான்தான் சாய்ந்தேன். அப்புறம் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. கொஞ்ச நாளில் அண்ணன் அந்த வண்டியை விற்றுவிட்டான்.

கோழி குடியிருந்த வீடு

விற்ற வண்டி எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. போன வருஷம் பள்ளிக்கரணையில் ஒரு கிரகப்பிரவேசம். சதுப்பு நிலத்தை ஒட்டிய தெரு. சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனபோது, அடுத்த வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் கோரைப்புல்லுக்கு நடுவில் சாக்கு போட்டு மூடிய ஏதோ ஒன்று நின்றது. உள்ளேயிருந்து கோழிகள் இறங்கி வந்தன. சாக்குக்குக் கீழே வயிறு வைத்த சைலன்சர் தெரிந்தது.

அதில் வெல்டிங் தழும்பு ஒன்று இருந்தது. வண்டலூர் ரோட்டில் கல் தட்டி, அண்ணன் நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே ஒட்டவைத்த தழும்பு. கோழிக்காரரிடம் கேட்டேன். அவர் வாங்கும்போதே அது ஓடாத வண்டியாம். "எடுத்துக்கினு போங்கம்மா, கோயிங்களுக்கு வேற வூடு கட்டிக்கிறேன்" என்றார்.

மைக்கேல் பட்டறைக்கு அதை ஏற்றிக்கொண்டு போனோம். அண்ணனுக்குச் சொல்லவில்லை. பாதியில் நின்றுபோனால் அவன் தாங்கமாட்டான் என்று பயம்.

சைலன்சருக்குள் வைக்கோலும் முட்டை ஓடும் இருந்தன. பிஸ்டன் வளையங்கள் பொடியாக உதிர்ந்தன. புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் அலைந்தும் கிடைக்கவில்லை. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு பழைய பைக் ரேஸ்காரர் தன்னிடமிருந்ததை அனுப்பிவைத்தார். "காசு வேண்டாம், வண்டி ஸ்டார்ட் ஆகும்போது சத்தத்தை மட்டும் போனில் அனுப்புங்கள்" என்றார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

கார்புரேட்டர்தான் எங்கேயும் இல்லை. அது இல்லாமல் அந்தச் சத்தம் வராது. ஒருநாள் அலுத்துப்போய் அண்ணியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, போனில் படத்தைக் காட்டினேன். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். எழுந்து போய், பூஜை அலமாரியிலிருந்து மஞ்சள் துணி சுற்றிய ஒன்றை எடுத்து வந்தார்.

துணிக்குள் கார்புரேட்டர். முகம் முழுக்கக் குங்குமம்.

"இன்னா ராஜி இது? கல்யாணமாகி வந்த அன்னிக்கு, 'இத்தப் பத்திரமா வச்சிக்கோ'ன்னு குடுத்தாரு. உங்க குலசாமின்னு நெனச்சி வெள்ளிக்கெயம தவறாம பொட்டு வச்சிகினு கீறேன்!"

விற்கும்போது அதை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டிருக்கிறான் திருட்டு அண்ணன். நானும் அண்ணியும் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அண்ணி அழுதார். "அந்த மனுசன் திருப்பியும் பேசினா போதும்" என்றார்.

"இது என் வண்டி இல்ல"

வண்டி தயாரானது. மஞ்சள் கூரையும் கறுப்பு உடம்புமாக, மணப்பெண் மாதிரி நின்றது. நான் ஒரு கல்யாணத்துக்காக மதுரை போயிருந்த வாரத்தில் மைக்கேல் டிங்கரிங்கை முடித்து, பெயின்ட்டும் அடித்துவிட்டிருந்தான். எனக்குக் கண் கலங்கியதில் எதையும் உற்றுப் பார்க்கவில்லை.

அண்ணனைக் கெஞ்சிக் கூட்டி வந்தோம். என்னவென்று சொல்லாமல் அவன் கையை எடுத்து சைலன்சர் மேல் வைத்தேன். விரல் தழும்பில் நின்றது. கை மேலே ஏறி ஹேண்டில் பாரைத் தொட்டது, சீட்டைத் தொட்டது, தடவிக்கொண்டே பின்பக்கம் போனது. வலது பக்கக் கம்பியில் நின்றது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை தடவினான். திரும்ப ஒருமுறை.

"இது என் வண்டி இல்ல" என்றான்.

"அண்ணா, சைலன்சர் பாருண்ணா—"

"சைலன்சர் என்னுது. வண்டி எவனுதோ." குரல் ஏறியது. "யார்ரா இந்தக் கம்பிய நிமித்தனது?"

மைக்கேல் பெருமையாக முன்னால் வந்தான். "நான்தாண்ணே. ஆக்சிடென்ட் ஆயி நெளிஞ்சிருந்துச்சு. ஒரு நாள் பூரா உக்காந்து நூல் புடிச்ச மாதிரி நேர் பண்ணேன்."

"அடப்பாவி! அது நெளிசல் இல்லடா, நானே வளச்சது! அது இல்லாம ராஜி கால எங்க வைப்பா?"

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. எத்தனையோ மாதங்களில் அவன் வாயிலிருந்து வந்த முதல் கோபம். நான் அவனுக்கு அவன் வண்டியைத் திருப்பிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவனோ, அந்த வண்டியில் எனக்கு இடம் இருக்கிறதா என்று தேடியிருக்கிறான். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, "சரிண்ணா, திரும்ப வளைச்சுடலாம்" என்றேன்.

"எப்பிடி வளப்ப? அளவு யாருக்குத் தெரியும்?"

அளவு என் காலுக்குத் தெரியும். அதனால்தான் அன்று முடிச்சூர் சாலையில் அப்படித் தொங்கினேன். அண்ணன் என் கணுக்காலைப் பிடித்து, பாதம் தானாக எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தான். மைக்கேல் சாக்பீஸால் குறித்தான். பிறகு நான் இறங்கி நிற்க, கம்பியைக் காய்ச்சி வளைத்து, தண்ணீர் ஊற்றி ஆற்றினான். புது பெயின்ட் கொப்பளித்துக் கருகியதைப் பார்த்து அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடி ஏறிச் சாய்ந்தேன். பாதம் பதிந்தது.

அண்ணன் கம்பியைத் தடவிப் பார்த்தான். "ஆங். இப்ப என் வண்டி" என்றான். பிறகு, "நீ பின்னால உக்காந்தா நான் ஓட்றேன்" என்றான்.

சிங்கம் கத்திய காலை

கண் தெரியாதவன் எப்படி ஓட்டுவான் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. வண்டியை ரோட்டில் விடவும் முடியாது. அதற்கு அவரே வழியும் கண்டுபிடித்தார். வண்டலூரைத் தாண்டி உள்ளே, மனை போட்டு விற்காமல் கிடக்கும் ஒரு லே-அவுட். சதுரமாகத் தார் ரோடு போட்டு, விளக்கில்லாத கம்பங்கள் நட்டு, ஒரு வீடுகூட இல்லாமல் கிடந்தது.

குட்டியானை லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு விடிகிற நேரத்தில் போனோம். மலைப்பக்கமிருந்து பனி இறங்கி, மனைக் கற்கள் மட்டும் வெள்ளையாக மிதந்தன. வீட்டுக்காரர் தலையில் ஹெல்மெட்டோடு ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தி வாசலை மறித்தார். மைக்கேல் உள்ளே ஆள், நாய் எதுவும் இல்லை என்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். உயிரியல் பூங்கா பக்கமிருந்து சிங்கம் ஒன்று அடிவயிற்றிலிருந்து கத்தியது.

"நம்ம வண்டி இதவிட நல்லா கத்தும்" என்றான் அண்ணன்.

தரையிலிருந்த லீவரை அவனே இழுத்தான். வண்டி இருமியது. மறுபடி இழுத்தான். நீலப் புகை கக்கிக்கொண்டு அது வாயைத் திறந்தது. அந்தச் சத்தம் என் பல்லில் கேட்டது. ஆயில் வாசனை வந்ததும் எங்கே இருக்கிறேன், என்ன வயசு என்பதெல்லாம் ஒரு கணம் குழம்பிவிட்டது. ஓரமாக அண்ணி கார்புரேட்டர் இருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

"நேரா போறது தெரியுது," என்றான் அண்ணன் திரும்பாமலே. "மூலதான் தெரியாது. நீ சொல்லு."

மெதுவாகத்தான் கிளம்பினான். எட்டணா அளவு ரோட்டைப் பிடித்துக்கொண்டு வண்டி நேராகப் போனது. மூலை நெருங்கியது. "ரைட்டு!" என்று கத்தினேன். அவனுக்குக் கேட்கவில்லை. "அண்ணா, ரைட்டு!" என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆசை ஆசையாகத் தேடிச் சேர்த்த ரேஸ் சாமான்கள் என் வாயை அடைத்துவிட்டன. எதிரே ரோடு முடிந்து முள்செடி தெரிந்தது.

யோசிக்கக்கூடாது என்று அவன்தான் சொல்லியிருந்தான். கால் கம்பியைத் தேடிப் போனது. பாதம் பதிந்தது. நான் சாய்ந்தேன்.

வண்டி வலது பக்கம் அமுங்கியது. அது அண்ணனின் முதுகுக்குத் தெரிந்துவிட்டது. அவன் தோள் லேசாக அசைந்தது. வண்டி திரும்பியது.

அடுத்த மூலையிலும் அப்படியே. அதற்கடுத்த மூலையிலும். கொஞ்சம் வேகம் கூட்டினான், படுபாவி. அந்தக் காலத்தில் அவன் திருப்புவான், நான் சாய்வேன். அன்று காலை நான் சாய்ந்தேன், அவன் திருப்பினான். என் முகத்துக்குக் கீழே ரோடு ஆறு மாதிரி ஓடியது. நான் கத்தினேன். நடுவில் கத்தக்கூடாது என்ற நிபந்தனையை மீறி, தொண்டை கிழியக் கத்தினேன்.

பெட்ரோல் தீரும்வரை சுற்றினோம். நின்றபோது அண்ணன் இறங்காமல் ஹேண்டிலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். "பொங்கல் யாரு வாங்கித் தர்றது?" என்று கேட்டான். வாசலை மறித்து நின்ற என் வீட்டுக்காரர் வாங்கித் தந்தார். கோயம்புத்தூர்க்காரருக்கு அவர் அனுப்பிய பதிவில் வண்டிச் சத்தத்தைவிட என் கத்தல்தான் அதிகமாக இருந்ததாம்.

இந்த மழைக்காலத்தில் எட்டணா மூடிக்கொண்டது. வண்டி மைக்கேல் பட்டறையில், கருகிய பெயின்ட்டோடு அப்படியே நிற்கிறது. மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டான்.

ஆனால் அவன் இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருப்பதில்லை. சாயங்காலம் நான் இரும்புலியூர் போனால் இருவரும் நடக்கக் கிளம்புவோம். அவன் என் வலது கையைப் பிடித்துக்கொள்வான். பள்ளம், மேடு, நாய், ஸ்கூட்டர் எதையும் நான் சொல்வதில்லை. அண்ணன் பழைய கதை எதையாவது பேசிக்கொண்டே வருவான். தெரு திரும்பும் இடத்தில் நான் லேசாகச் சாய்கிறேன். அவன் பேச்சை நிறுத்தாமலே திரும்புகிறான்.